பாதுகாப்புச் சாவிக்கான திரை நினைவூட்டிகள்

பாதுகாப்புச் சாவி என்பது கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகப்படும் சிறு கருவி ஆகும். பார்வைக்குப் பென் டிரைவ் போல இருக்கும். ஆனால் அதில் கோப்புகளைச் சேமிக்க முடியாது. அதன் உள்ளே ஒரு மறைச்சாவி இருக்கிறது. அந்த மறைச்சாவி கருவியை விட்டு வெளியே வராது. இணையதளமோ நிரலோ ஒரு கேள்வியை அனுப்பினால், கருவி அதற்கு உள்ளேயே ஒப்பமிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். அவ்வாறு ஒப்பமிடுவதற்கு முன், கணினியின் முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று உறுதிசெய்துகொள்ளத் தன்னை விரலால் தொடும்படி கேட்கும். இப்படிச் சாவி தொடுகைக்காகக் காத்திருப்பதைத் திரையில் அறிவிக்கும் சிறு நிரல்களே திரை நினைவூட்டிகள் எனப்படுகின்றன.

பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. 'சாவியைத் தொடவும்' என்று மூலையில் ஒரு சிறு பெட்டி தோன்றும், அவ்வளவுதான். ஆயினும், நம் பெயரில் ஒப்பமிடும் ஒரு கருவி நம்மிடம் அனுமதி கேட்கும் ஒரே நொடி அது. அந்த நொடியைக் கவனிக்கிறோமா, கவனிக்காமல் கடக்கிறோமா என்பதில்தான் இந்தக் கருவியின் பயன் முழுவதும் இருக்கிறது.

தொடுகை எதைச் சொல்கிறது?

பலரும் இதை விரல்ரேகைக் கருவி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. விரல்ரேகை படிக்கும் சாவிகள் தனியாக உண்டு. சாதாரணச் சாவியில் இருப்பது கைப்பேசித் திரையில் உள்ளதைப் போன்ற ஒரு தொடு உணரி மட்டுமே. யாருடைய விரல் பட்டாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று குரல் வரும். அந்தக் குரல் பெஞ்சில் யாரோ இருக்கிறார் என்பதற்குச் சான்று. பெயருக்கு உரியவரே இருக்கிறார் என்பதற்குச் சான்று ஆகாது. பணிக்காலத்தில் வராத நண்பனுக்காகக் குரல் கொடுத்த மாணவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். பிடிபடாமல் தப்பியவர்கள் அதைவிட அதிகமாக இருப்பார்கள். சாவியின் தொடுகையும் இந்த 'உள்ளேன் ஐயா' தான். இதை வரையறுத்த அமைப்பினரும் 'பயனர் முன்னிலை' என்றே இதற்குப் பெயரிட்டார்கள். இருப்பவர் யார் என்பதை உறுதிசெய்வது பின் எண்ணின் வேலை அல்லது விரல்ரேகையின் வேலை.

அப்படியானால் தொடுகையால் என்ன பயன்? தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்த ஒருவரால் உங்கள் விசைப்பலகையை இயக்க முடியும், சுட்டியை நகர்த்த முடியும், நீங்கள் தட்டிய பின் எண்ணைக்கூடத் திருட முடியும். சாவியின் மேல் விரல் வைக்க மட்டும் அவரால் முடியாது. அதற்கு அந்த அறையில் ஓர் ஆள் வேண்டும்.

இந்தச் சாவிகளின் வரலாறு நீண்டதன்று. ஸ்வீடனில் 2007-இல் தொடங்கப்பட்ட யுபிகோ நிறுவனம் அடுத்த ஆண்டில் யுபிகீ என்ற சாவியை வெளியிட்டது. எல்லா நிறுவனங்களின் சாவிகளும் எல்லாத் தளங்களிலும் இயங்குவதற்கான பொது விதிமுறைகளை ஃபிடோ கூட்டமைப்பு உருவாக்கியது; அதன் முதல் விதிமுறைகளுள் ஒன்றான யு2எஃப் 2014-இல் வெளிவந்தது. உலாவிகளுக்கான வெப்ஆத்தன் தரத்தை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2019 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. கூகுள் நிறுவனம் 2017-இன் தொடக்கத்தில் தன் பணியாளர்கள் 85,000-க்கும் மேற்பட்டோரையும் இச்சாவிகளைக் கட்டாயமாகப் பயன்படுத்தச் செய்தது. அதன்பின் எவருடைய பணிக் கணக்கும் போலித்தள வலையில் சிக்கவில்லை என்று 2018-இல் அந்நிறுவனம் தெரிவித்தது. எந்தத் தளத்தின் முகவரியிலிருந்து கேள்வி வந்தது என்பதையும் சேர்த்தே சாவி ஒப்பமிடுகிறது. ஆகவே வங்கித் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளம் பெற்ற ஒப்பம் உண்மையான தளத்தில் செல்லாது.

காத்திருப்பது ஏன் தெரிவதில்லை?

சாவி தொடுகைக்குக் காத்திருக்கும்போது அதிலுள்ள சிறு விளக்கு மின்னும். மேசைமேல் மடிக்கணினி இருந்தால் அது கண்ணில் படும். ஆனால் கணினிப் பெட்டி மேசைக்கு அடியில் இருந்து, சாவி அதன் பின்பக்கத் துளையில் செருகப்பட்டிருந்தால் விளக்கு மின்னுவது யாருக்குத் தெரியும்?

உலாவி வழியாக ஒரு தளத்தில் நுழையும்போது சிக்கல் குறைவு. சாவியைத் தொடச் சொல்லி உலாவியோ இயங்குதளமோ ஒரு சாளரத்தைக் காட்டும். எந்தத் தளம் கேட்கிறது என்பதும் பெரும்பாலும் அதில் இருக்கும். சிக்கல் வருவது பின்னணியில் இயங்கும் வேலைகளில். நிரலாளர் ஒருவர் தம் நிரலைச் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறார். அதற்கு ஒப்பமிடும்படி ஜி.பி.ஜி. மென்பொருள் சாவியைக் கேட்கிறது. திரையில் எந்த மாற்றமும் இல்லை. இணையம் மெதுவாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவர் காத்திருக்கிறார். யுபிகீயில் இந்த வகை ஒப்பத்துக்குத் தொடுகைக்கான நேரம் ஏறத்தாழ 15 நொடிகள். அது கடந்ததும் பிழை வருகிறது. மறுபடி தொடங்குகிறார். மூன்றாம் முறை பொறுமை இழந்து, தொடுகை கேட்கும் அமைப்பையே நீக்கிவிடுகிறார். நினைவூட்டி இல்லாததன் உண்மையான கேடு இதுதான். வீணாகும் 15 நொடிகளால் பெரிய இழப்பில்லை. காவலை எரிச்சலில் கழற்றி வைத்துவிடுவதே இழப்பு.

இதற்கு நேர்மாறான தொல்லையும் ஒன்று உண்டு. வேறு எதையோ எடுக்கப் போய்க் கை சாவியின்மேல் பட்டுவிட்டால், சில வகைச் சாவிகள் ஒருமுறைக் கடவுச்சொல் ஒன்றைத் தாமே தட்டச்சு செய்துவிடும். யுபிகீயில் அது 44 எழுத்துகள் கொண்ட ஆங்கில எழுத்துச் சரம். பெரும்பாலும் 'சி' என்ற எழுத்து தொடர்ச்சியாக ஆறு முறை வந்து தொடங்கும். அந்த நேரத்தில் கணினியில் தமிழ்99 விசைப்பலகை அமைந்திருந்தால் 'ஒஒஒஒஒஒ' என்று வந்து விழும். நண்பருக்கு அனுப்பும் மின்னஞ்சலின் நடுவே இப்படி 'ஒ'கரம் கொட்டினால் பேய் பிடித்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

நினைவூட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சாவி வாய் திறந்து எதையும் சொல்வதில்லை. அப்படியிருக்க, அது காத்திருக்கிறது என்பதை வேறொரு நிரல் எப்படி அறிகிறது? லினக்ஸ் கணினிகளுக்கான 'யுபிகீ டச் டிடெக்டர்' என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஃபிடோ2 விதிமுறைப்படி, ஒரு வேலையை முடிக்கச் சாவிக்கு நேரம் தேவைப்பட்டால், ஏறத்தாழ 100 மில்லி நொடிக்கு ஒருமுறை 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்ற பொருளில் ஒரு சிறு செய்தியைக் கணினிக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியில் ஒரு நிலைக்குறி இருக்கும். அது 1 என்றால் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். 2 என்றால் பயனரின் தொடுகை தேவை என்று பொருள். பழைய யு2எஃப் முறையில் இந்த ஏற்பாடு இல்லை. கணினி திரும்பத் திரும்பக் கேட்கும்; தொடாதவரை சாவி 'நிபந்தனை நிறைவேறவில்லை' என்று மறுத்துக்கொண்டே இருக்கும். நினைவூட்டி நிரல் இந்தப் பேச்சுவார்த்தையை ஓரமாக நின்று கவனிக்கிறது. நிலைக்குறி 2 அல்லது அந்த மறுப்பைக் கண்டதும் திரையில் அறிவிப்பை எழுப்புகிறது.

ஜி.பி.ஜி. ஒப்பத்தில் இப்படி ஒட்டுக்கேட்க வழியில்லை. அங்கே ஒரு தந்திரம் கையாளப்படுகிறது. ஒப்பமிடும் வேலை தொடங்கும்போது ஜி.பி.ஜி. தன் சாவிக் கோப்பைத் திறக்கும். அந்தக் கோப்பு திறக்கப்படுவதை நினைவூட்டி கவனிக்கிறது. உடனே சாவியிடம் 'உன் நிலை என்ன?' என்று ஓர் எளிய கேள்வியைக் கேட்கிறது. சாவி உடனே விடை தந்தால் அது ஓய்வாக இருக்கிறது. விடை வராமல் தொங்கினால், வேறொரு வேலையில் தொடுகைக்காகக் காத்திருக்கிறது என்று முடிவு செய்கிறது. கதவைத் தட்டிப் பார்த்து, திறக்கவில்லை என்றால் உள்ளே யாரோ குளித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்வது போன்ற அறிவுதான் இது. ஆனாலும் வேலை செய்கிறது.

மேக் கணினிகளில் இயங்குதளத்தின் பதிவேட்டை வாசித்து இதே பணியைச் செய்யும் சிறு நிரல்கள் உள்ளன. தொலைக் கணினியில் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள், 2020 பிப்ரவரியில் வெளிவந்த 8.2-ஆம் பதிப்பிலிருந்து ஃபிடோ சாவிகளை ஏற்கிறது. முன்னிலையை உறுதிசெய்யும்படி அதுவே ஒரு வரியில் கேட்கும். லினக்ஸில் நிர்வாகி உரிமைக்குச் சாவியைப் பயன்படுத்துவோர், அதற்கான அமைப்புக் கோப்பில் 'கியூ' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். கருவியைத் தொடச் சொல்லும் வரி முனையத்தில் தோன்றும். இதற்குத் தனி நிரல் எதுவும் தேவையில்லை.

திருப்பூர் வட்டாரத்தின் டோக்கன்

'எங்கள் ஊரில் யார் இதையெல்லாம் பயன்படுத்துகிறார்கள்?' என்று சாமளாபுரத்து மாணவர் ஒருவர் கேட்கலாம். பல்லடம் வட்டத்தில் நொய்யல் ஆற்றை ஒட்டிய விசைத்தறி ஊர் இது. ஒரு பக்கம் சோமனூர். சற்றுத் தொலைவில் திருப்பூரின் பனியன் நிறுவனங்கள். யுபிகீ என்ற பெயர் இங்கே கடைகளில் கேள்விப்படாததாக இருக்கலாம். ஆனால் அதன் உறவுக்காரக் கருவி ஒன்று இந்த வட்டாரத்தின் நிறுவன அலுவலகங்களிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் மேசை இழுப்பறைகளில் கிடக்கிறது. அதுதான் டி.எஸ்.சி. டோக்கன், அதாவது எண்ம ஒப்பச் சான்றிதழைத் தாங்கிய யு.எஸ்.பி. கருவி.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி இந்தக் கருவியால் இடப்படும் ஒப்பம் கையெழுத்துக்கு நிகரானது. உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் இதை அதிகபட்சம் மூன்றாண்டுக் காலத்துக்கு வழங்குகின்றன. 2021 ஜனவரி 1 முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் நிறுத்தப்பட்டு, மூன்றாம் வகுப்பு மட்டுமே வழங்கப்படுகிறது. தனியார் நிறுவனங்களும் எல்.எல்.பி.களும் ஜி.எஸ்.டி. பதிவு விண்ணப்பத்தில் இதைக் கொண்டே ஒப்பமிட வேண்டும். கம்பெனி விவகாரத் துறைப் படிவங்களில் இயக்குநர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். ஏற்றுமதிச் சரக்குக்கான ஷிப்பிங் பில்லைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவிடவும், அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் கலந்துகொள்ளவும் இது வேண்டும். தனியொருவர் பெயரில் தறி ஓட்டுபவருக்குக் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. பெரும்பாலும் போதும், கம்பெனியாக மாறிய நாளிலிருந்து டோக்கன் தேவைப்படும்.

இந்த டோக்கனுக்கும் ஃபிடோ சாவிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இரண்டிலும் மறைச்சாவி வெளியே வராது. ஆனால் நம் நாட்டில் புழங்கும் டி.எஸ்.சி. டோக்கன்கள் பெரும்பாலும் தொடுகை கேட்பதில்லை. பின் எண் மட்டுமே கேட்கின்றன. ஒருமுறை பின் எண்ணைத் தட்டிவிட்டால், சில நிரல்களில் அந்த அமர்வு முடியும்வரை மறுபடி கேட்காமலே அடுத்தடுத்த ஒப்பங்கள் இடப்படலாம். ஆகவே பின் எண் கேட்கும் அந்தச் சாளரம் மட்டுமே உரிமையாளரின் சம்மதம் கேட்கப்படும் இடம்.

அந்தச் சாளரமும் சில வேளைகளில் ஒளிந்துகொள்ளும். காரணம் எளிது. ஜி.எஸ்.டி. தளத்தில் ஒப்பமிடும்போது, உலாவி நேரடியாக டோக்கனுடன் பேசுவதில்லை. கணினியில் நிறுவப்பட்டுள்ள எம்சைனர் என்ற இடைநிரலுடன் பேசுகிறது. இடைநிரல் டோக்கனின் ஓட்டுநர் நிரலுடன் பேசுகிறது. பின் எண் சாளரத்தை எழுப்புவது அந்த ஓட்டுநர் நிரல். விண்டோஸ் இயங்குதளமோ பின்னணியிலுள்ள ஒரு நிரல் திடீரென்று முன்னால் பாய்ந்து வருவதைத் தடுக்கிறது. நீங்கள் ஒன்றில் தட்டச்சு செய்யும்போது வேறொன்று குறுக்கே வந்து எழுத்துகளைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடுதான் அது. அதன் விளைவாகச் சாளரம் உலாவிக்குப் பின்னால் நின்றுவிட, பணிப்பட்டையில் அதன் குறி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். இயங்குதளம் தரும் நினைவூட்டி இதுவே. இதை அறியாமல் 'தளம் தொங்கிவிட்டது' என்று பக்கத்தை மூடித் திறப்பவர்கள் பலர். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு டேப் விசையைத் தட்டினால் மறைந்த சாளரம் வெளிப்படும்.

ஒலி எழுப்பும் நினைவூட்டி இங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். தறிச்சாலையின் ஓரத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி அலுவலகம் வைத்திருப்பவரிடம் 'டிங்' என்ற ஓசை என்ன செய்யும்? தறிச் சத்தத்தில் கைப்பேசி மணியே காதில் விழாது. கண்ணுக்குத் தெரியும் அறிவிப்பே பயன்படும்.

கேட்காமலே வரும் அறிவிப்பு

வட்டப் பின்னல் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நூல் அறுந்தால் இயந்திரம் தானே நிற்கும், விளக்கு எரியும். எந்த இடத்து நூல் அறுந்தது என்பதையும் அந்த இடத்துச் சிறு விளக்கு காட்டிவிடும். திரை நினைவூட்டிக்கு இந்த இரண்டாவது திறமை இல்லை. யாரோ தொடுகை கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லும். யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்று சொல்லாது. சாவிக்கும் திரை இல்லாததால் அதுவும் சொல்லாது.

ஆகவே நினைவூட்டி மிகவும் பயன்படுவது மறதிக்காரருக்கு என்று நினைப்பது பாதி உண்மைதான். நீங்கள் எதையும் தொடங்காதபோது அது தோன்றினால், அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கணினியில் புகுந்த தீநிரல் ஒன்று உங்கள் பெயரில் ஒப்பம் பெற முயன்றால், உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தடயம் சாவியின் மின்னலாக இருக்கலாம். மேசைக்கு அடியிலுள்ள மின்னலை மேலே கொண்டுவந்து காட்டுகிறது நினைவூட்டி. அப்போது செய்ய வேண்டியது தொடாமல் இருப்பது, சாவியைக் கழற்றிவிடுவது, பிறகு என்ன நடந்தது என்று ஆராய்வது.

ஆனால் பழக்கம் இதற்கு எதிராக வேலை செய்யும். நாளொன்றுக்கு இருபது முறை 'சாவியைத் தொடவும்' என்று வந்தால், இருபத்தொன்றாம் முறை விரல் தானாகப் போகும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலை இங்கே நினைக்கலாம். அங்கே பயன்பட்டது இத்தகைய சாவி அன்று. கைப்பேசிக்கு வரும் அனுமதிக் கோரிக்கை. கடவுச்சொல்லைப் பெற்ற ஒருவர் திரும்பத் திரும்ப நுழைய முயன்றார். ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் கோரிக்கை வந்தது. இறுதியில் ஒன்றை அவர் ஏற்றுவிட்டார். பாதுகாப்புச் சாவியில் எங்கோ இருப்பவர் இப்படி எளிதாகக் கோரிக்கைகளைக் குவிக்க முடியாது. உங்கள் கணினிக்குள்ளேயே அவர் புகுந்திருக்க வேண்டும். எனினும் கேள்வியைப் படிக்காமல் 'சரி' சொல்லும் மனப்போக்கு இரண்டிலும் ஒன்றே.

இன்னொன்று: எந்த நிரலும் திரையில் அறிவிப்பை எழுப்ப முடியும். 'சாவியைத் தொடவும்' என்று போலியாகவும் ஒன்று தோன்றலாம். அறிவிப்பைப் பார்த்ததும் நேரே விரலைக் கொண்டுபோகாமல், நான் இப்போது எதைத் தொடங்கினேன் என்று ஒரு நொடி எண்ணிப் பார்க்க வேண்டும். உலாவிச் சாளரம் என்றால் அதிலுள்ள தள முகவரியையும் படிக்க வேண்டும்.

டி.எஸ்.சி. டோக்கனில் நிலைமை இதைவிடக் கவலைக்குரியது. எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிறுவனத்தில் உரிமையாளரின் டோக்கன் கணக்கெழுதுபவரின் கணினியிலேயே பகலெல்லாம் செருகிக் கிடக்கும். பின் எண் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். 'நம்ம பையன்தானே சார்' என்றார் அவர். பையன் நல்லவர்தான். ஆனால் அந்தக் கணினியில் யார் அமர்ந்தாலும் அவர் உரிமையாளராகிவிடுகிறார் என்பதை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மறைச்சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தகுந்த கவனம் எடுக்கும் கடமையைச் சான்றிதழ் பெற்றவர் மேல்தான் சுமத்துகிறது. பிறருடைய மின்னொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறக்கூடிய குற்றம் என்பதும் உண்மை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய நேரத்தில், சீட்டில் எழுதி ஒட்டியது யார் என்ற கேள்வி முதலில் வரும்.

அமைத்துக்கொள்ளும்போது

விண்டோஸில் உலாவி வழியாக மட்டும் சாவியைப் பயன்படுத்துவோருக்குத் தனி நினைவூட்டி தேவையில்லை. 'தொந்தரவு செய்யாதே' என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அறிவிப்புகள் தோன்றாமல் போகும் என்பதை மட்டும் நினைவில் வைக்கலாம். லினக்ஸில் ஜி.பி.ஜி., எஸ்.எஸ்.எச். பயன்படுத்துவோருக்கே தனி நினைவூட்டி வேண்டும். கணினி தொடங்கும்போது தானே இயங்குமாறு அதை அமைத்து, திரை அறிவிப்பு விருப்பத்தை இயக்கிவிட வேண்டும். யுபிகீயில் ஜி.பி.ஜி. ஒப்பத்துக்கான தொடுகைக் கட்டாயம் இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்காமல் நினைவூட்டியை மட்டும் நிறுவி, 'ஒன்றும் வரவில்லையே' என்று தேடிப் பயனில்லை. ஒருமுறை தொட்டால் 15 நொடிகளுக்கு மறுபடி கேட்காத ஓர் அமைப்பும் உண்டு. ஒரே மூச்சில் பல கோப்புகளுக்கு ஒப்பமிடுவோருக்கு அது வசதி. அந்த 15 நொடிகளில் வேறு எது கேட்டாலும் ஒப்பம் கிடைத்துவிடும் என்பது அதன் விலை.

மிக எளிய உதவி ஒன்றும் இருக்கிறது. ஒரு யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி வாங்கி, சாவியை மேசைமேல் கண்ணெதிரே கொண்டுவந்து வைப்பது. பாதி நினைவூட்டி வேலையை அதன் விளக்கே செய்துவிடும். வேலை முடிந்ததும் கழற்ற மறப்பதும் குறையும்.

பின் எண்ணைத் தவறாகத் தட்டுவதற்கும் வரம்பு உண்டு. ஃபிடோ2 சாவியில் தொடர்ந்து மூன்று முறை தவறினால் கழற்றி மறுபடி செருக வேண்டும். மொத்தம் எட்டு முறை தவறினால் பின் எண் பூட்டப்பட்டு, சாவியை முழுவதும் அழித்துத் தொடங்க நேரும். அதனால் முக்கியக் கணக்குகளில் இரண்டு சாவிகளைப் பதிந்து, ஒன்றை வீட்டில் வைப்பது வழக்கம். டி.எஸ்.சி. டோக்கன் பூட்டப்பட்டு, அதை அழித்துத் தொடங்க நேர்ந்தால் உள்ளிருக்கும் சான்றிதழும் போய்விடும். புதிதாக வாங்க வேண்டும். டோக்கன் தொலைந்தால், அல்லது பின் எண் பிறருக்குத் தெரிந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குக் காலம் தாழ்த்தாமல் தெரிவித்து அதை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். அப்படித் தெரிவிக்கும்வரை அதனால் நேர்வனவற்றுக்கு உரிமையாளரே பொறுப்பு என்று அதே 42-ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது.